எந்தக் கோட்டோரம் எங்களுடையது?

ஓர் உதைபந்தாட்ட அணி தன் சொந்த மைதானத்தில் எந்தப் பக்கக் கோட்டோரத்தில் அமர வேண்டும் என்ற கேள்வி, கேட்பவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் அது அவ்வளவு சிறிய கேள்வி அன்று. வலிகாமத்தின் ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு இந்த ஒரு கேள்விக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் நான் இருந்தேன். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த சுற்றுப்போட்டியில் எதிரணிக்காரர் அதைப் பாட்டாகப் பாடுவார்கள்.

விடயம் இதுதான். அவ்வூரைச் சேர்ந்த, இப்போது லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழ்கின்ற பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, மைதானத்தில் ஆட்டக்காரர் அமர்வதற்குக் கூரையும் வாங்கும் அமைப்பதற்குப் பணம் அனுப்பினார்கள். நல்ல மனதோடு அனுப்பிய பணம். ஆனால் அது ஒரு கூரைக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. ஒரு கூரை என்றால் அதை மேற்கே போடுவதா, கிழக்கே போடுவதா? அதன் கீழ் அமர்வது நாங்களா, வந்தவர்களா? பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த காலத்தில் நான் சில ஆண்டுகள் விளையாட்டுச் செய்தி எழுதியவன் என்பதால், நடுநிலையாக ஒரு வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்தார்கள். நம்மூர்க் கூட்டங்களில் நடுநிலையாளன் என்பவன் இரண்டு பக்கத்தாரிடமும் பேச்சு வாங்குவதற்காக அழைக்கப்படுகிறவன் என்பதை அறிந்தே சென்றேன்.

முதலில் மைதானத்தைச் சொல்ல வேண்டும். ஆடுகளம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. தெற்கே வாசலும் சனசமூக நிலையமும். வடக்கே தோட்டக் காணிகள். கோல் கம்பத்துக்கு மேலால் போகும் பந்து வெங்காயப் பாத்திக்குள் விழுந்து தோட்டக்காரரின் வசவோடு திரும்பி வரும். மேற்கே நான்கைந்து முதிய வேம்புகள், அவற்றுக்குப் பின்னால் பனங்கூடல். கிழக்கே வீதியும் ஒரு மதகும். மாலை நேரத்தில் ஊர் இளைஞர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அமர்ந்திருப்பது அந்த மதகில்தான்.

உலகெங்கும் மைதானம் அமைப்போர் ஆடுகளத்தை ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் படுக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. மாலைச் சூரியன் எந்தக் கோல்காப்பாளரின் முகத்துக்கும் நேரே நிற்கக் கூடாது. அதே காரணத்தால்தான் பெரிய அரங்குகளில் பிரதான பார்வையாளர் மாடத்தை மேற்கில் கட்டுகிறார்கள். மேற்கில் இருப்பவருக்கு வெயில் முதுகில் விழும். கிழக்கில் இருப்பவருக்கு அது கண்ணில் விழும். யாழ்ப்பாணத்தில் ஆனி மாதச் சூரியன் நேர் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி மறையும். மார்கழியில் அதே அளவுக்குத் தெற்கே தள்ளி மறையும். கோல்காப்பாளர்களில் ஒருவருக்கு ஆனியிலும் மற்றவருக்கு மார்கழியிலும் கொஞ்சம் தொல்லை. ஆனால் கிழக்குக் கோட்டோரத்தில் அமர்பவருக்கு ஆண்டு முழுவதும் தொல்லைதான். நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் மேற்கு வேம்புகளின் நிழல் கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள்ளேயே நீளும். கிழக்கில் இருப்பவரோ கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதையும் நினைவுக்கு வருகின்றது. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. மீதி அரை மணியைத் திருப்பித் தந்தது 2006 ஏப்ரலில்தான். வன்னியில் பழைய நேரமே ஓடியது. யாழ்ப்பாணத்தில் புதிய நேரம். அந்தப் பத்து ஆண்டுகளில் எங்கள் நான்கு மணி ஆட்டம், உண்மையில் மூன்றரை மணி வெயிலில் ஆடப்பட்டது. ஊரடங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டியிருந்ததால் ஆட்டத்தைப் பின்போடவும் முடியாது. அக்காலத்தில் கிழக்குக் கோட்டோரம் எப்படி இருந்தது என்று அங்கே அமர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெயிலுக்கு அடுத்தது காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மேற்கில் நிற்கும் பயிற்றுநர் சொல்வதைக் காற்றே ஆடுகளத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிழக்கில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருடைய குரல் வீதிக்குத்தான் போகும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். ஆனால் அது மழைக்காலம். சுண்ணக்கல் பூமியாக இருந்தும் தாழ்ந்த பக்கத்தில் வெள்ளம் நிற்கும், ஆட்டங்கள் குறையும். ஆகவே காற்றின் கணக்கிலும் மேற்குத்தான் முன்னே நிற்கின்றது.

மூன்றாவது கணக்கு, பார்வையாளர் அதிகம் கவனிக்காதது. மேற்கில் அமர்ந்திருக்கும் அணி வடக்கு நோக்கித் தாக்கினால், அதன் இடது பக்கப் பின்கள வீரர் பயிற்றுநரின் கண்ணெதிரே ஓடுவார். இடைவேளைக்குப் பின் தெற்கு நோக்கித் தாக்கும்போது வலது பக்கத்தவர் அந்த இடத்துக்கு வருவார். அணியில் அனுபவம் குறைந்த பையன் எந்தப் பக்கத்தில் ஆடுகிறானோ, அவன் களைத்துப்போகும் இரண்டாம் பாதியில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நாணயச் சுழற்சியில் வென்றவர் முனையைத் தேர்வார் என்ற விதி 2019இல் மாற்றப்பட்டு, விரும்பினால் முதல் உதையையும் தேரலாம் என்று ஆனது. பெரும்பாலான ஊர்த் தலைவர்கள் காற்றை மட்டும் பார்த்து முனையைத் தேர்கிறார்கள். வாங்கு எங்கே இருக்கின்றது என்பதையும் பார்க்கலாம். இதை நான் முதற்கூட்டத்தில் சொன்னபோது பயிற்றுநரான இளைஞர் கொப்பியில் குறித்துக்கொண்டார். அந்த ஓர் உதவியாவது செய்தேன் என்று நினைக்கிறேன்.

நிற்க. கோட்டோரத்தில் அமர்வதற்கே ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் கழகத்தின் பயிற்றுநராக இருந்த டொனால்ட் கோல்மன், ஆட்டக்காரரின் காலடிகளைத் தரைமட்டத்திலிருந்து பார்க்க விரும்பினார். குறிப்பெடுக்கும் தாள் நனையாதிருக்கக் கூரையும் வேண்டும் என்றார். கோட்டோரத்தில் நிலத்தைத் தோண்டி அவருக்கு ஒரு பதுங்கிடம் அமைத்தார்கள். அங்கு ஆட வந்த இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகத்தார் அதைப் பார்த்துத் தம் மைதானத்திலும் அமைத்தார்கள். அப்படித்தான் அது பரவியது. பழைய விதிகள் கோட்டோரத்தில் நின்று ஆலோசனை கத்துவதை ஏற்கவில்லை. 1993இல்தான் பயிற்றுநர் நிற்பதற்கென்று ஓர் இடம் விதிகளில் வரையறுக்கப்பட்டது. இருக்கைகளின் இருபுறமும் ஒரு மீற்றர் வரை அகலலாம், ஆடுகளக் கோட்டுக்கு ஒரு மீற்றர் வரை நெருங்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அறிவுறுத்தலாம். ஆனால் எந்த அணி எந்தப் பக்கம் என்று அந்த விதி சொல்லவில்லை. துரையப்பா விளையாட்டரங்கு போன்ற இடங்களில் கட்டியவர்களும் ஒழுங்கமைப்பாளர்களும் அதைத் தீர்மானித்துவிடுகிறார்கள். ஊர் மைதானத்தில் தீர்மானிக்க வேண்டியவர் ஊரார்தான்.

பயிற்றுநர் இளைஞரின் வாதம் தெளிவானது.

"அண்ணை, நிழல் எங்கடை. மரத்தை நட்டது எங்கடை ஆக்கள். அவங்கள் வெயிலிலை இருக்கட்டும். நாங்கள் அங்கை போனால் எங்களை எங்கை இருத்தினவங்கள்?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சொந்த மைதானத்தின் அனுகூலம் என்பது உலகம் முழுவதும் ஏற்கப்பட்டது. அமெரிக்கப் பாணிக் கால்பந்தில் இரண்டு அணிகளும் எதிரெதிர்க் கோட்டோரங்களில் நிற்பது வழக்கம். மியாமி நகர அணியின் அரங்குக்கு 2016 அளவில் பெரிய விதானம் அமைத்தபோது, பிற்பகல் ஆட்டங்களில் சொந்த அணியின் கோட்டோரம் நிழலிலும் வந்த அணியின் கோட்டோரம் கடும் வெயிலிலும் இருக்கும்படி ஆயிற்று. அதைப்பற்றி வந்தவர்கள் முறைப்படுவதும் சொந்த ஊரார் சிரிப்பதும் அங்கே ஆண்டுதோறும் நடக்கின்றது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடத்தில் செய்வதை நாங்கள் செய்தால் என்ன என்று இளைஞர் கேட்டார்.

நான் சொன்ன பதில் இது. உன் மைதானத்தின் மேடு பள்ளம் உனக்குத் தெரியும், காற்று தெரியும், எந்த மூலையில் பந்து எழும்பாது என்பது தெரியும். அது உன் உழைப்பால் வந்த அறிவு. அதைப் பயன்படுத்து. வந்தவனுடைய மாற்று ஆட்டக்காரனைத் தொண்ணூறு நிமிடம் வெயிலில் காயவைப்பது அறிவு அல்ல. வெப்பம் விளையாட்டு விடயமும் அன்று. 2014இல் பிரேசில் உலகக் கிண்ணத்தில் ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்க இடைநிறுத்தம் கொடுத்தார்கள். ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 பாகையைத் தாண்டினால் அதற்கு வழி இருந்தது. ஆவணி மாதத்து யாழ்ப்பாணத்தில் அப்படி அளக்கும் கருவி எந்த ஊர்க் கழகத்திடமும் இல்லை. இருப்பது வேம்பு மட்டும்.

இரண்டாவது கூட்டத்தில்தான் எவரும் எதிர்பாராத இடத்தில் சிக்கல் எழுந்தது. மேற்கு வேம்புகளின் கீழ் ஆட்டக்காரரின் கூரையைப் போட்டால், அங்கே வழக்கமாகப் போடப்படும் கதிரைகள் எங்கே போகும்? நான் சிறுவனாக இருந்த காலத்திலும் அந்தக் கதிரைகள் அங்கேதான் இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அவற்றில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் கிழக்கே வெயிலில் நின்றார்கள். யாரும் எழுதிவைத்த சட்டம் அன்று. எவரும் எவரையும் எழும்பு என்று சொன்னதை நான் காணவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எவர் எங்கே நிற்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அமர்தல் என்பது வெறும் உடல் சார்ந்த காரியமாக என்றுமே இருந்ததில்லை. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர வேண்டும் என்ற 'சம ஆசன' ஏற்பாடு 1920களின் இறுதியில் வந்தபோது, அதை எதிர்த்துப் பாடசாலைகளையே எரித்தவர்கள் நம்மவர்களில் இருந்தார்கள். அதற்காக நின்றவர்களும் நம்மவர்களில் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை நேரில் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே கதிரையை நகர்த்துவது பற்றிப் பேச்சு எழுந்ததும் கூட்டத்தில் ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தின் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் ஒரு முதியவர், ஒரு காலத்தில் அந்த அணியின் நடுக்கள வீரர், எழுந்து மெதுவாகச் சொன்னார்: "பன்ரண்டு வருசம் இந்தக் கழகத்துக்கு விளையாடினன். ஒருநாளும் அந்த வேம்புக்குக் கீழை இருந்ததில்லை, தம்பி." அவ்வளவுதான். அமர்ந்துவிட்டார். அன்றைய கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

அன்றிரவு எனக்கு வேறொன்றும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களுடைய மைதானங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அந்த ஊர்களின் இளைஞர்கள் தம் ஊரின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு பிறர் மைதானங்களில் ஆடினார்கள். அவர்களுக்குச் சொந்தக் கோட்டோரம் என்று ஒன்று இருக்கவில்லை. எங்கே போனாலும் வந்த அணிதான். மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு ஆண்டுகள். இடையில் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓர் இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அன்று எங்களுக்குத் தங்கள் வளவுகளையும் திண்ணைகளையும் மரநிழல்களையும் தந்தவர்கள், முதலில் நாங்கள் எந்த ஊர், எந்தக் கழகம் என்று கேட்கவில்லை. இந்தக் குடாநாட்டில் வந்த அணியாக இருந்திராத குடும்பம் எது?

மூன்றாவது கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிலர் தலையசைத்தார்கள். ஆனால் தீர்மானத்தைத் திருப்பியது என் பேச்சு அன்று. கழகத்துக்கு இப்போது பெண்கள் அணியும் உண்டு. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை மட்டத்தில் பெயர் பெற்ற பின், வலிகாமத்தின் பல ஊர்களில் பெண்பிள்ளைகள் துணிந்து பந்தைத் தொட்டார்கள். அந்த அணியின் தலைவி, பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதுப் பிள்ளை, பின்வரிசையில் இருந்து எழுந்தாள்.

"எங்களை ரோட்டுப் பக்கம் இருத்தாதையுங்கோ. மதகிலை இருந்து கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு விளையாட ஏலாது. வாற ரீம் பிள்ளையளும் பிள்ளையள்தானே. அவையையும் அங்கை இருத்தாதையுங்கோ."

நானும் பயிற்றுநரும் மூன்று கூட்டங்களாக வெயிலையும் காற்றையும் பேசிக்கொண்டிருந்தோம். மதகைப் பற்றி எவரும் பேசவில்லை. மதகில் அமர்கிறவர்களில் இருவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு வேலை விரைவாக நடந்தது. இரண்டு அணிகளும் மேற்கில், ஒரே நீண்ட கூரையின் கீழ், நடுவில் நான்காவது மத்தியஸ்தரின் மேசைக்கு இடைவெளி விட்டு அமர்வது என்று முடிவாயிற்று. அனுப்பிய பணத்தில் ஒரு கூரை என்பதால் கணக்கும் சரியாக வந்தது. தெற்கு முனை வந்த அணிக்கு. வாசல் அந்தப் பக்கம் இருக்கின்றது. ஆட்டம் முடிந்ததும் சொந்த ஊர்க் கூட்டத்தைக் கடக்காமல் அவர்கள் வாகனத்துக்குப் போகலாம். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சண்டை பெரும்பாலும் எங்கே தொடங்குகின்றது என்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆட்டத்தில் தொடங்குவதை விட ஆட்டம் முடிந்து வாசலுக்குப் போகும் அந்த ஐம்பது யாரில் தொடங்குவதே அதிகம். கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுவது, கயிற்றுக்குள் பார்வையாளர் வரக் கூடாது என்பதும் முடிவாயிற்று. கோட்டோரம் ஓடும் துணை மத்தியஸ்தரை 1996 வரை லைன்ஸ்மன் என்றே விதிகள் அழைத்தன. நம்மூரில் இன்றும் அதே பெயர்தான். கூட்டம் கோட்டை மிதித்து நிற்கும் மைதானத்தில் அந்த மனிதர் ஓடுவதற்கே வழி இருப்பதில்லை. கொடியைத் தூக்கினால் பின்னாலிருந்து யாராவது பிடித்து இழுப்பார்கள்.

கதிரைகள்? அவை தெற்கே சனசமூக நிலைய முற்றத்துக்குப் போயின. யார் முதலில் வருகிறாரோ அவர் அமர்வது. முதல் நாள் சில கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பழைய பெரியவர்களில் இருவர் வரவில்லை. அடுத்த முறை அவர்களில் ஒருவர் வந்தார், நின்றுகொண்டே பார்த்தார். இதற்கு மேல் நான் எதையும் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஒரு தகரக் கூரை எந்தப் பழைய வழக்கையும் தீர்த்துவிடாது.

புதிய கூரையின் கீழ் நடந்த முதல் ஆட்டத்தில் வந்த அணி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டாவது கோலை அடித்தவன், ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் நிழலில் இருந்து எழுந்து உள்ளே போன மாற்று ஆட்டக்காரன். பயிற்றுநர் இளைஞர் என்னைத் தேடி வந்தார்.

"பாத்தியளே அண்ணை, வெயிலிலை இருத்தியிருந்தால் அவனுக்கு அவ்வளவு ஓட்டம் வந்திராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முழுக்கச் சிரிப்பும் அன்று. மறுமாதம் அவருடைய அணி அந்த ஊருக்குப் போனது. அங்கே இவர்களை எங்கே இருத்தினார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். கிழக்கில்தான். முழு வெயிலில். ஆனால் இடைவேளையின்போது அந்த ஊர்க் கழகத்தார் இரண்டு பெரிய குடைகளைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார்களாம். அதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவரும் அதே இளைஞர்தான்.

கிழக்கு வீதியோரத்தில் நின்று பார்க்கும் சனங்களுக்கு இன்னும் நிழல் இல்லை. இந்த மாரிக்கு முன் அங்கே பன்னிரண்டு வேம்பு நட்டிருக்கிறார்கள். ஆடு கடிக்காமல் இருக்கக் கிடுகு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு மதகில் இருக்கும் பையன்களுக்கு. அது பெண்கள் அணியின் தலைவி போட்ட முறை. சென்ற வாரம் அவ்வழியால் போனபோது எண்ணிப் பார்த்தேன். பதினொன்று துளிர்த்திருந்தன.